உங்க இஷ்டம், மேடம்

1

போன செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டுக்கு அரசாங்கத்திலிருந்து ஒரு அம்மாள் வந்திருந்தார். ஹாமில்டனில் அன்று விடாத மழை. குடையை வாசலில் உதறிவிட்டு, காலணியைக் கழற்றிவிட்டு, சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் இருக்கும் பையனைப் பற்றிப் பேச வந்தவர்.

பையனின் பெயர் ஜேடன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான பெயரைச் சொல்லக் கூடாது. அது இங்கே நியூசிலாந்திலும் சட்டம், நம் ஊரிலும் சட்டம். பதினைந்து வயது. கார் திருடி மாட்டியவன். இங்கே இப்படி மாட்டுகிற பிள்ளைகளை எடுத்த எடுப்பில் அடைத்துப் போடுவதில்லை. முடிந்தால் சொந்தக் குடும்பத்தில் விடுவார்கள். அங்கே சரிப்படாது என்றால், எங்களைப் போல ஒரு குடும்பத்தில் கொஞ்ச காலம். என் மகள் கயல் வெலிங்டனுக்குப் படிக்கப் போனபின் அவள் அறை சும்மா கிடந்தது. அவள் போனில் அனுப்புவது இப்போதெல்லாம் கட்டைவிரல் படம் மட்டும்தான். நான் அரைப் பக்கம் எழுதினாலும் பதில் ஒரு கட்டைவிரல். அந்த வெறும் அறையைப் பார்க்கப் பிடிக்காமல்தான் நாங்கள் பெயர் கொடுத்தோம் என்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பெரிய தர்மகாரியம் ஒன்றுமில்லை.

அந்த அம்மாள் கேட்டார்: “ஜேடனை இன்னும் சில மாதம் வைத்துக்கொள்ள உங்களுக்கு விருப்பமா?”

என் கணவர் ரவி தலையைப் பணிவாகச் சாய்த்தார். “அது உங்கள் விருப்பம். எங்களுக்கு ஒன்றுமில்லை” என்று ஆங்கிலத்தில் சொன்னார். மகா மரியாதையாகச் சொல்லிவிட்டதாக அவருக்கு நினைப்பு. முகமெல்லாம் சிரிப்பு.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த ஜேடன் எழுந்து போகும் சத்தம் கேட்டது. பிறகு அலமாரி திறக்கும் சத்தம். துணியைப் பையில் அடைக்கிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, மாடிக்குக் கேட்கிற மாதிரி, “எங்களுக்கு அவன் வேண்டும். அவன் இங்கேதான் இருக்க வேண்டும்” என்று கத்தினேன். அலமாரிச் சத்தம் நின்றது.

அந்த அம்மாள் போனபின் ரவி என்னிடம் வந்தார். “நான் இன்னா தப்பா சொல்லிட்டேன்? எதுக்கு அப்பிடி கத்தன?”

“எங்க அண்ணன் சொன்னதையேதான் நீங்களும் சொன்னீங்க” என்றேன். அவர் வாயை மூடிக்கொண்டார். ஏனென்றால் அந்தக் கதை அவருக்குத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது.

2

போன வருடம் ஒரு கல்யாணத்துக்காக வடக்கனந்தலுக்குப் போயிருந்தேன். அண்ணன் முருகேசன் அங்கேதான் இருக்கிறார். கரும்பு, மரவள்ளி, மக்காச்சோளம் என்று எதையாவது போட்டு எதிலாவது பிழைத்துக்கொண்டிருப்பவர். ஒரே பையன், பதினாறு வயது. அவனுக்கும் வேறு பெயர் வைக்கிறேன், சூர்யா.

போன அன்றே கேட்டேன், “சூர்யா எங்க அண்ணி?”

“ஆஸ்டல்ல இருக்கறாம்மா. நல்லா படிக்கறான்” என்றார் அண்ணி லட்சுமி, என் முகத்தைப் பார்க்காமல். பத்தாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவன் எந்த ஆஸ்டலில் எதைப் படிக்கிறான் என்று எனக்குப் புரியவில்லை. அண்ணனிடம் கேட்டால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். ஊரில் யாரும் அவன் பேச்சை எடுக்கவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். என் எதிரில் மட்டும் ஊரே மூடிக்கொண்டது.

மறுநாள் ரோட்டோரத்தில் மக்காச்சோளத்தைக் காயப்போட்டுத் துழாவிக்கொண்டிருந்தபோது அண்ணி உடைந்துவிட்டார். துழாவுகட்டையைப் போட்டுவிட்டு அங்கேயே குந்தி அழுதார்.

சூர்யா தன்னைவிடப் பெரியவர்கள் இரண்டு பேரோடு சுற்றிக்கொண்டிருந்திருக்கிறான். அவர்களிடம் இரண்டு பைக் இருந்தது. மூன்று பேரும் கல்வராயன் மலைக்குப் போய், வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டுப் பட்டியிலிருந்து இரண்டு ஆட்டைத் தூக்கியிருக்கிறார்கள். இறங்கும்போது வளைவில் சூர்யா ஓட்டிய பைக் சறுக்கி, அதிலிருந்த கிடா அடியில் சிக்கிச் செத்துப்போனது. மற்றவர்கள் நிற்காமல் போய்விட்டார்கள். மலைக்காரர்கள் பின்னாலேயே ஓடிவந்து இவனைப் பிடித்து, நாலு சாத்து சாத்தி, போலீசில் ஒப்படைத்தார்கள். செத்தது சாதாரணக் கிடா இல்லை. மாரியம்மனுக்கு நேர்ந்துவிட்டது.

சிறுவர்களை விசாரிக்கிற இளைஞர் நீதிக் குழுமத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். ஓடிய இரண்டு பேரும் அகப்படாததால், வெளியே விட்டால் மறுபடி அவர்களோடு சேர்ந்துவிடுவான் என்று ஜாமீன் கிடைக்கவில்லை. வெளிமாவட்டத்தில் ஒரு கூர்நோக்கு இல்லத்தில் வைத்திருந்தார்கள்.

“அண்ணன் போயி பாத்தாரா?”

“ஒரு தபாகூட போவல. நான் மட்டுந்தான் போயி பாத்துட்டு வந்தேன். அப்பா வரலியான்னு கேட்டான். ஜொரம்னு சொல்லிட்டு வந்தேன்” என்றார் அண்ணி.

3

அந்த வாரமே நன்னடத்தை அலுவலர் வீட்டைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். பையனை வீட்டுக்கு அனுப்புவதா, இல்லை இன்னும் நீண்ட காலம் வேறு இல்லத்துக்கு அனுப்புவதா என்று குழுமம் முடிவு செய்வதற்கு முன் குடும்பத்தை விசாரிக்க வேண்டும்.

அண்ணன் காலையிலேயே குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். பக்கத்து வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலி இரவல் வாங்கிவந்தார். கலர் சோடா வாங்கி வைத்தார். வந்தவர் கவிதா என்கிற சின்ன வயதுப் பெண். அண்ணன் உட்காரவே இல்லை. துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“பையன் எப்படிங்க? உங்க பேச்ச கேப்பானா?” என்றார் கவிதா.

“அவன நான் தலமுழுகிட்டேங்க மேடம். எங்க கொலத்துலயே இப்பிடி ஒண்ணு பொறந்ததில்ல. கண்ண மட்டும் வுட்டுட்டு தோல உரிச்சிடுங்க. ஏன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டேன்.”

இதே வார்த்தையைச் சொல்லித்தான் எங்கள் அப்பா எங்களைப் பள்ளிக்கூடத்தில் விட்டார். வாத்தியாருக்கும் அதன் அர்த்தம் தெரியும்: இது என் பிள்ளை, உங்களை நம்பி விடுகிறேன், பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் பெற்றவன் பிள்ளையை எவ்வளவுக்கு எவ்வளவு ஏசுகிறானோ, அவ்வளவுக்கு அவ்வளவு எதிராளி இரங்கி வந்து, “விடுங்க, சின்னப் பையன், போகப் போகச் சரியாயிடும்” என்று சொல்ல வேண்டும். அதுதான் முறை. அண்ணன் அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

கவிதா அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. “அப்ப அவன வீட்டுக்கு அனுப்பறதுல உங்களுக்கு விருப்பம் இல்லீங்களா?”

இப்போதாவது பையன் வேண்டும் என்பார் என்று பார்த்தேன். அண்ணன் துண்டை இன்னும் இறுக்கிச் சுருட்டினார். “உங்க இஷ்டம், மேடம்.”

கவிதா கலரைத் தொடாமல் எழுந்துவிட்டார்.

4

இங்கே நியூசிலாந்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொள்கிறவர்களுக்கு முதலில் ஒரு வகுப்பு நடத்துவார்கள். ஊருக்குப் போகுமுன் எங்களுக்கு நடந்ததில் ஒவ்வொரு ஜோடியையும் எழுப்பி, “நீ எங்களுக்கு வேண்டும்” என்று வாய்விட்டுச் சொல்ல வைத்தார்கள். ரவியும் நானும் கூச்சத்தில் சிரித்துவிட்டோம். கயலிடம்கூட நாங்கள் அப்படிச் சொன்னதில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்று நினைக்கிற சாதி நாம். ஆனால் அந்த வகுப்பு புத்தியில் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருந்தது. அதனால்தான் அன்று செருப்பைக்கூடப் போடாமல் கவிதாவின் ஸ்கூட்டிக்குப் பின்னால் ஓடினேன்.

“மேடம், எங்க அண்ணன் மனசுல இருக்கறது அது இல்லீங்க. நீங்களும் நம்ம பக்கந்தான. உங்களுக்குத் தெரியாதா?”

அவர் வண்டியை நிறுத்தினார். “தெரியுங்க அக்கா. எங்க அப்பாவும் இப்பிடித்தான் பேசுவாரு. ஆனா இன்னொரு பையனோட அப்பாவும் இதையேதான் சொன்னாரு. சும்மா வாய்ல சொல்றாருன்னு நானா நெனச்சிக்கிட்டு, அனுப்பலாம்னு சொல்லிட்டேன். அவரு நெஜமாவே சொல்லியிருக்காரு. வாசல்லயே அடிச்சித் தொரத்திட்டாரு. அந்தப் பையன் எங்க இருக்கான்னு இன்னும் தெரியல.” வண்டியை மறுபடி கிளப்பினார். “நானா நெனச்சிக்கிட்டு இனிமே எதையும் சொல்ல மாட்டேங்க. உங்க அண்ணன் அங்க வந்து அவரு வாயால சொல்லட்டும்.”

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து அண்ணனைப் பிடித்துக்கொண்டேன்.

“வேணும்னு ஒரு வார்த்த சொன்னா வாயில இருக்கற முத்து உதுந்துடுமா?”

“வேணும்னு கேட்டா, திருட்டுப் பையனுக்கு அப்பன் வக்காலத்து வாங்கறான்னு சொல்ல மாட்டாங்களா? ஆட்ட பறிகுடுத்தவங்க அங்க வந்து ஒக்காந்திருப்பாங்க. எந்த மூஞ்ச வெச்சிக்கினு கேக்கறது?”

“அப்ப மொதல்ல அவங்களப் போயி பாக்கலாம் வா.”

5

கச்சிராயபாளையத்தில் வெள்ளிமலை பஸ் ஏறினோம். அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு வளைவிலும் ரோட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார். எந்த வளைவு என்று அவருக்குத் தெரியாது.

வெள்ளிமலையிலிருந்து ஜீப்பில் போய், அப்புறம் சாமைக் காட்டு வழியாக நடந்தோம். ஆட்டுக்காரர் பெயர் சடையன். அவர் மனைவி சின்னப்பொண்ணு. யார் என்று சொன்னதும் அந்த அம்மாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். உட்காரச் சொல்லவில்லை.

அண்ணன் இங்கேயும் தன் பாட்டை ஆரம்பித்தார். “அவன தலமுழுகிட்டேம்மா. எத்தினி வருசமானாலும் உள்ளயே கெடக்கட்டும்.”

சின்னப்பொண்ணுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. “உள்ள கெடந்தா எனக்கு இன்னாய்யா ஆவும்? என் பேரனுக்கு ஜொரம் வந்து கண்ணு சொருவிக் கெடந்தப்ப நேந்துக்கினேன். குட்டியில இருந்து என் கையால வளத்த கிடா அது. அம்மனுக்கு இப்ப யாரு பதில் சொல்றது? நீ சொல்றியா?”

“வேற ஒண்ணு சந்தையில...” என்று அண்ணன் இழுத்தார்.

“சந்தையில வாங்கியாந்து உட்டா ஆத்தா ஏத்துக்குவாளா? வூட்டுல வளந்ததுதான் நேத்தி. தோ அங்க ஒரு குட்டி நிக்குது பாரு. சாவடிச்சவன் கையாலதான் அது வளரணும். வாரா வாரம் வரட்டும். தழ ஒடச்சிப் போடட்டும், பட்டி கூட்டட்டும். திருவிழா அன்னிக்கி அவனே புடிச்சிக்கினு வந்து நிக்கட்டும். உள்ள தூங்கிக்கினு இருந்தா எப்பிடி?”

அதுவரை பேசாமல் இருந்த சடையன் வாயைத் திறந்தார். “வந்த எடத்துல இன்னொரு ஆட்ட ஓட்டிக்கினு போயிட்டா? ஊருல எல்லாரும் அதத்தான் கேக்கறாங்க.”

நியாயமான கேள்வி. நான் அண்ணனைப் பார்த்தேன். சின்னப்பொண்ணும் பார்த்தார். “அதுக்குத்தான் அப்பங்காரன் இருக்கானே. நீ கூட வருவியா?”

அண்ணன் அந்தக் குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே சண்டை போட்டேன்.

“அந்தம்மா வழி உட்டும் நீ ஏன் ஊமையாட்டம் நின்ன?”

“வரேன்னு வாக்கு குடுத்துட்டு, நாளைக்கி அவன் மறுபடியும் அவனுங்களோட ஓடிட்டான்னா? சொல்லு செல்வி. அவன் ஓட மாட்டான்னு உன்னால சொல்ல முடியுமா?”

கோமுகி அணை தெரிகிறதா என்று நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

6

கள்ளக்குறிச்சியில் குழுமம் கூடிய அறை சின்னது. கூண்டு, மேடை எதுவும் கிடையாது. நீளமேசைக்குப் பின்னால் ஒரு பெண் நீதிபதியும் இரண்டு உறுப்பினர்களும். ஓரத்தில் சடையனும் சின்னப்பொண்ணும். சூர்யாவைக் கூட்டிவந்தார்கள். ஒட்ட வெட்டிய தலை. சட்டை தொளதொளவென்று தொங்கியது. நான் கடைசியாகப் பார்த்தபோது வாய் ஓயாமல் பேசியவன், இப்போது எங்கள் பக்கமே திரும்பவில்லை.

கவிதா தான் கேட்டதைக் கேட்டபடி சொன்னார். தலைமுழுகியது, தோலை உரிக்கச் சொன்னது, உங்க இஷ்டம் என்றது, எல்லாம். அதையெல்லாம் சூர்யா தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். அண்ணி என் கையைப் பிடித்திருந்தார். நகம் பதிந்தது.

நீதிபதி அண்ணனிடம் கேட்டார். “நீங்க சொல்லுங்க. பையன உங்ககூட அனுப்பணுமா?”

அண்ணன் எழுந்து கைகூப்பினார். பஸ்ஸிலும் வீட்டிலும் நான் படித்துப் படித்துச் சொன்னதெல்லாம் போன இடம் தெரியவில்லை. “நீங்க பாத்து எது செஞ்சாலும் சரிங்க மேடம். உங்க இஷ்டம்.”

நீதிபதி சூர்யா பக்கம் திரும்பினார். “நீ சொல்லுப்பா. வீட்டுக்குப் போறியா?”

“அவங்க இஷ்டம்” என்றான் சூர்யா.

அப்பனுக்குத் தப்பாமல் பிறந்த பிள்ளை! இரண்டு பேரையும் உட்கார வைத்து முதுகில் ஆளுக்கு நாலு வைக்க வேண்டும் போலிருந்தது. நான் எழுந்தேன். “கொஞ்சம் இருங்க, அவங்களே பேசட்டும்” என்று என்னை உட்காரச் சொன்னார்கள். நீதிபதி பக்கத்திலிருந்த உறுப்பினரிடம் மெல்ல ஏதோ சொன்னார். அவர் உதட்டைப் பிதுக்கினார். வீட்டில் விருப்பமில்லை, பையனுக்கும் விருப்பமில்லை. இனி என்ன இருக்கிறது? நீதிபதி பேனாவை எடுத்தார்.

“மேடம்” என்றார் அண்ணன்.

எல்லோரும் திரும்பினோம். அவர் இன்னும் உட்காரவில்லை.

“வேணும்னு எப்பிடிங்க கேக்கறது? அவன் எம்புள்ளைங்க. என்னுத யாருகிட்டயும் போயி குடுன்னு கேட்டுப் பழக்கமில்லீங்க எனக்கு.”

“புரியுதுங்க. ஆனா இங்க நீங்க கேட்டாத்தான் நாங்க குடுக்க முடியும்” என்றார் நீதிபதி.

அண்ணன் சின்னப்பொண்ணு இருக்கும் பக்கம் ஒருமுறை பார்த்தார். இரண்டு தரம் வாயைத் திறந்து மூடினார்.

“குடுங்க” என்றார். “எம்புள்ளய எங்கிட்ட குடுங்க. வாரா வாரம் நானே மலைக்கி இட்டுக்கினு போறேன். ஓடிட்டான்னா நான் வந்து உங்க முன்னாடி நிக்கறேன்.”

சூர்யா அப்போதுதான் தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தான்.

தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பது பழமொழி. என் அண்ணன் விஷயத்தில் தசை ஆடியது எப்போதோ, நாக்கு ஆட இத்தனை பாடு. அதன்பின் நிபந்தனைகள் போட்டார்கள். கவிதா வந்து பார்ப்பார், பையன் தொழிற்பயிற்சியில் சேர வேண்டும், பழைய சகவாசம் கூடாது. “குட்டிய மறந்துடாதீங்க” என்று சின்னப்பொண்ணு ஓரத்திலிருந்து சத்தம் போட்டார். அதையும் சேர்த்துக்கொண்டார்கள்.

7

எல்லாம் சுபம் என்று நான் எழுதினால் அது பொய். ஓடிய இரண்டு பேரில் ஒருவன் பிடிபட்டு, இப்போது ஜாமீனில் வந்துவிட்டான். கச்சிராயபாளையம் பஸ் நிறுத்தத்தில் பைக்கைச் சாய்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறானாம். மலைக்குப் போகும் பஸ் அவன் முன்னால்தான் நின்று போக வேண்டும். அண்ணன் வாராவாரம் சூர்யாவுக்கும் அவனுக்கும் நடுவில் நின்று பஸ் ஏறுகிறார். ஒருமுறை அவன், “இன்னாடா, ஆடு மேய்க்கப் போறியா?” என்று கேட்டிருக்கிறான். அன்று முழுக்கச் சூர்யா சாப்பிடவில்லை என்று அண்ணி சொன்னார். அடுத்த வாரம் வரமாட்டேன் என்று அடம் பிடித்திருக்கிறான். அண்ணன் ஏசித் தீர்த்து, பிறகு தானே அவன் செருப்பை எடுத்து வாசலில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். கடைசியில் போனான்.

அங்கே அவர்கள் மலையிறங்கும் நேரம் எனக்கு இங்கே ராச்சாப்பாட்டு நேரம். அந்த ஒரு நாள் மட்டும் எனக்குச் சோறு இறங்காது. நிலைகொள்ளாமல் போனை மேசையில் வைப்பதும் எடுப்பதுமாக இருப்பேன். “யாருக்கு என்ன ஆச்சு?” என்று ஜேடன் கேட்பான். “ஒரு ஆட்டுக்குட்டி விஷயம்” என்பேன். அவன் என்னைப் பைத்தியம் என்றே முடிவு செய்துவிட்டான்.

நேற்று அண்ணன் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது சூர்யா. அவனாக என்னைக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை.

“இன்னாடா? இன்னா ஆச்சு? அப்பா எங்க?”

“ஒண்ணும் ஆவல அத்த. மலைக்கி போயிட்டு வந்துட்டோம். குட்டி நல்லா வளந்துடுச்சி. நான் போனா தூரத்துலயே கண்டுக்கினு கத்துது.”

“பரவாயில்லயே.”

பிறகு கேட்டான். “அத்த, திருவிழாவுல அத வெட்டிடுவாங்கதான?”

ஆட்டைப் பைக்கில் முன்னால் போட்டு அமுக்கி மலையிறங்கியபோது இந்தப் பையனுக்கு இப்படி ஒரு கேள்வி தோன்றியிருக்காது. நேர்ந்தது நேர்ந்ததுதான். சின்னப்பொண்ணின் பேரன் பிழைத்துக் கிடக்கிறான்.

“ஆமாண்டா. அம்மனுக்கு நேந்தது.”

“நான்தான் புடிச்சிக்கினு நிக்கணுமாம்.”

“முடியுமாடா உன்னால?”

பின்னால் எங்கிருந்தோ அண்ணனின் குரல் கேட்டது. “டேய் சூர்யா! எங்கடா தொலஞ்ச, கழுத! சோறு ஆறுது!”

“தெர்ல அத்த” என்றான் சூர்யா. “அப்பா கூப்புடறாரு. வெச்சிடறேன்.”